பிழைச்செய்தி பேசுகிற இடத்தில் நிரலாளர் தங்குவார்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பிளாக்செயின் நோடு சேவை ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். நோடு என்றால் சங்கிலியின் பதிவேட்டை வைத்திருக்கும் கணினி. எத்தீரியம் வகைச் சங்கிலிகளுக்கு ஆர்பிசி இணைப்பு, அதாவது செயலிகள் நோடுகளிடம் கேட்டுப் பதில் பெறும் வழி, தருவதுதான் வேலை. பெரிய நிறுவனங்களின் பணபலம் எங்களிடம் இல்லை. 'டெவலப்பர் அனுபவம்தான் உங்கள் ஆயுதம்' என்கிறார் எங்கள் முதலீட்டாளர். 'அது ஆவணத்துக்கு வண்ணம் பூசுகிற வேலை. வேகமும் விலையும்தான் விற்கும்' என்கிறார் எங்களில் ஒருவர். எங்கள் ஆவணங்களையும் அனுப்பியிருக்கிறோம். யார் சொல்வது சரி?

பதில்:

நான் முதலீட்டாளர் பக்கம். அவர் என்ன காரணம் வைத்திருக்கிறாரோ தெரியாது. என்னுடைய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொழிலில் மறைத்து வைக்க எதுவும் இல்லை. நோடு மென்பொருள் திறந்த மூலம், நெறிமுறை ஊருக்கே பொது. 2020 செப்டம்பரில் பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ சந்தை தன் ஸ்மார்ட் செயினைத் தொடங்கியபோது எத்தீரியத்தின் கெத் என்ற நோடு மென்பொருளை எடுத்து, எந்தப் பதிவு செல்லும் என்று நோடுகள் ஒத்துக்கொள்ளும் ஒப்புதல் முறையை மாற்றி, ஓடவிட்டது. அதில் யாரும் குற்றம் காண முடியாது. திறந்த மூலம் என்றால் அதுதான். வேகத்தில் நீங்கள் பத்து மில்லி விநாடி குறைத்தால் பக்கத்துக் கடைக்காரர் அடுத்த மாதம் பதினைந்து குறைப்பார். விலையில் மோதினால் கையில் பணம் அதிகம் இருப்பவர் கடைசிவரை நிற்பார். அது நீங்கள் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் இருப்பது, ஒரு நிரலாளர் தலையை உடைத்துக்கொண்டு கற்றுவைத்திருக்கிற பழக்கம். அதை இரண்டாம் முறை கற்க அவருக்கு மனம் வராது.

'டெவலப்பர் அனுபவம்' என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு அழகான இணையதளமும், கறுப்புப் பின்னணியில் வண்ண எழுத்துகளும் நினைவுக்கு வருகின்றன. உங்கள் கூட்டாளி கோபப்படுவது அதைப் பார்த்துத்தான் என்றால் அவர் கோபம் நியாயமானது. நான் வைத்திருக்கிற அளவுகோல் வேறு: ஒன்று உடைந்த நொடிக்கும், அது ஏன் உடைந்தது என்று தெரிகிற நொடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது? அந்த நேரத்தைச் சுருக்குகிறவர் பக்கம் ஆட்கள் சேருகிறார்கள்.

எத்தீரியத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூலை 30 அன்று அது ஓடத் தொடங்கியபோது, ஓர் ஒப்பந்தத்தில், அதாவது சங்கிலியில் ஏற்றிவைத்த நிரலில், ஏதாவது தவறினால் பரிவர்த்தனை தோற்கும், அதற்குக் கொடுத்திருந்த கேஸ் (நிரலை இயக்குவதற்கான கட்டண அலகு) முழுவதும் எரிந்து போகும், காரணம் என்ன என்று ஒரு சொல்கூட வராது. மீதிக் கேஸைத் திருப்பித் தருகிற 'ரிவர்ட்' கட்டளை 2017 அக்டோபரில் பைசாண்டியம் மேம்படுத்தலோடுதான் வந்தது. 'இருப்பு போதவில்லை' என்பது போல ஒரு வரியை நிரலாளரே எழுதிவைத்து, தோல்வியின்போது அதைக் காட்டச் செய்யும் வசதி, ஒப்பந்தங்கள் எழுதும் சாலிடிட்டி மொழியில் 2018இல் சேர்ந்தது. கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் ஊமைப் பிழைகளோடு மக்கள் மல்லுக்கட்டினார்கள்.

அப்படியும் ஏன் ஓடிப்போகவில்லை? ஓடிப்போக வேறு இடம் இல்லாதது ஒரு காரணம். இன்னொரு காரணம், சங்கிலியைக் கட்டியவர்கள் செய்யாத வேலையை அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் செய்தார்கள். எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஒப்பந்தம் எழுதிப் பார்க்க ரீமிக்ஸ் வந்தது. சோதனைக்கு டிரஃபிள், கணினிக்குள்ளேயே ஒரு பொம்மைச் சங்கிலியாக கனாஷ், தணிக்கை செய்யப்பட்ட ஆயத்த ஒப்பந்தங்களாக ஓப்பன்செப்பலின் நூலகம், 2016இல் உலாவி வாலட்டான மெட்டாமாஸ்க். இவற்றில் நான் அதிகம் மதிப்பது கோலாலம்பூரில் இருந்து வந்த, சங்கிலியில் நடப்பதைக் காட்டும் தளமான ஈதர்ஸ்கேனை. அதில் ஓர் ஒப்பந்தத்தின் மூலநிரலைப் பதிவேற்றிச் சரிபார்த்துவிட்டால், 'படி', 'எழுது' என்று இரண்டு பொத்தான்கள் முளைக்கும். முகம் தெரியாத ஒருவர் எழுதிய ஒப்பந்தத்தின் ஒவ்வொரு செயல்கூறையும் அங்கேயே இயக்கிப் பார்க்கலாம். அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நின்று, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கிற மாதிரி. இந்தத் துறையில் ஒரு தலைமுறையே அப்படித்தான் கற்றது. நானும் அப்படித்தான்.

இதையெல்லாம் பார்த்தால் பைனான்ஸ் நகலெடுத்தது நோடு மென்பொருளை மட்டும் அல்ல என்பது புரியும். மெட்டாமாஸ்க்கில் ஆர்பிசி முகவரியையும், சங்கிலி எண்ணை 56 என்றும் மாற்றினால் போதும். பழைய ஒப்பந்தம், பழைய கருவி, பழைய விரல் பழக்கம் எல்லாம் அப்படியே ஓடும். பாலிகன் சங்கிலிக்கு 137, அவலாஞ்சி என்ற சங்கிலியின் சி-செயினுக்கு 43114. இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! புதிதாக எதையும் கற்காமல் அவர்கள் குடிபெயர்ந்தார்கள். குடிபெயர்ந்ததாக உணரக்கூட இல்லை.

'கிட்டத்தட்ட ஒத்தது' என்பதில் ஒளிந்திருக்கும் ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும். எத்தீரியத்தின் மேல் கட்டப்பட்ட ஆப்டிமிசம் என்ற சங்கிலி, முதலில் தனக்கென்று மாற்றி எழுதிய ஒரு கம்பைலரை (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளை) வைத்திருந்தது. எத்தீரியத்தில் ஓடிய நிரல் அங்கே போனால் சிறுசிறு திருத்தங்கள் கேட்கும். 2021 நவம்பரில் அந்த ஏற்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, எத்தீரியம் எப்படி நடக்கிறதோ அப்படியே நடப்பது என்று மாற்றிக் கட்டினார்கள். கைவசம் இருந்த உழைப்பைக் குப்பையில் போடுவது எளிதான முடிவு அல்ல. ஆனால் 2023 ஆகஸ்டில் காயின்பேஸ் என்ற கிரிப்டோ சந்தை தன் பேஸ் சங்கிலியைத் திறந்தபோது, அதன் அடித்தளமாக இருந்தது ஆப்டிமிசத்தின் அந்த மென்பொருள்தான்.

மறுபக்கம் 2023 ஏப்ரலில், எத்தீரியத்தின் மேல் கட்டப்பட்ட இன்னொரு சங்கிலியான இசட்கே-சிங்க் (zkSync) எராவில் நடந்தது. ஒரு திட்டத்தின் ஒப்பந்தத்தில் 921 ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) உள்ளே போய் மாட்டிக்கொண்டது. யாரும் திருடவில்லை, கணக்கிலும் தவறு இல்லை. சாலிடிட்டியில் பணம் அனுப்பும் 'டிரான்ஸ்ஃபர்' என்ற பழைய செயல்கூறு, பெறுபவருக்கு 2,300 கேஸ் மட்டுமே ஒதுக்கும். எத்தீரியத்தில் அது போதும். எராவில் கேஸ் கணக்கிடும் முறை வேறு. அங்கே அது போதவில்லை. பணம் நுழைந்தது, வெளியேறும் கதவு திறக்கவில்லை. பிறகு அந்தச் சங்கிலியின் குழுவே வழி கண்டுபிடித்து மீட்க வேண்டியதாயிற்று. அந்த நிரலாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழக்கமான எத்தீரியச் சூழலில் சோதித்துப் பார்த்திருந்தால் அந்த வரி தேறியிருக்கும். முற்றிலும் புதிய மொழிக்குப் போகிறவர் காலை ஊன்றிப் பார்த்து நடப்பார். பழகிய வீட்டில் இருட்டில் நடப்பவர்தான், யாரோ நகர்த்திவைத்த கட்டிலில் முழங்காலை இடித்துக்கொள்வார். உங்கள் சேவையில் ஏதேனும் ஓர் அழைப்பு, வழக்கமான கெத் நோடு தரும் பதிலிலிருந்து இம்மியளவு மாறினாலும், அதை ஆவணத்தின் முதல் பக்கத்தில் போடுங்கள். நாற்பதாவது பக்க அடிக்குறிப்பில் போடாதீர்கள்.

பழக்கம் என்கிறேனே, அது நிரந்தரம் என்று நினைத்துவிடக் கூடாது. டிரஃபிள்தான் ஒரு காலத்தில் ஒப்பந்தம் எழுதுவோரின் இயல்பான தேர்வு. பிறகு பிட்லர் (Buidler) என்று ஒன்று வந்து, 2020இல் ஹார்ட்ஹேட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அது தந்தது என்ன தெரியுமா? ஒப்பந்தத்துக்குள் 'கன்சோல்.லாக்' எழுதலாம், மாறியின் மதிப்பு திரையில் வரும். பரிவர்த்தனை தோற்றால் சாலிடிட்டிக் கோப்பின் எந்த வரியில் தோற்றது என்று சொல்லும். அவ்வளவுதான். பல்லாயிரம் கோடி டாலர் புழங்கும் ஒரு தொழில், கல்லூரி முதலாண்டு மாணவர் எழுதுகிற அச்சிடும் வரி ஒன்றுக்காகத்தான் ஐந்து ஆண்டுகள் ஏங்கிக் கிடந்தது.

2021 இறுதியில் பாரடைம் என்ற முதலீட்டு நிறுவனத்திடமிருந்து ஃபவுண்ட்ரி என்ற கருவி வந்தது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டதால் வேகம் அதிகம்; அதைவிட முக்கியமாக, சோதனைகளையும் சாலிடிட்டியிலேயே எழுதலாம். அதுவரை பெரும்பாலும் ஒப்பந்தம் ஒரு மொழியில், சோதனை ஜாவாஸ்கிரிப்டில். பெரிய எண்களை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிற இடத்திலேயே பாதிப் பிழைகள் பிறக்கும். 2023 செப்டம்பரில் டிரஃபிளையும் கனாஷையும் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. விற்பனைப் பிரிவு வைத்து யாரும் அதைத் தோற்கடிக்கவில்லை. வரி எண்ணோடு வந்த ஒரு பிழைச்செய்தியும், சில விநாடிகளில் முடிகிற சோதனையும் அதைச் செய்தன.

பிழைச்செய்தி என்றதும் என் நெஞ்சில் நிற்பது 'ஸ்டாக் டூ டீப்'. சாலிடிட்டியில் ஒரு செயல்கூறுக்குள் உள் மாறிகள் அளவுக்கு மீறினால் கம்பைலர் இதைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். எத்தீரிய இயந்திரம், மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற தன் அடுக்கின் (ஸ்டாக்) மேல் 16 இடங்களை மட்டுமே எட்டிப் பிடிக்கும். அதற்குக் கீழே போனால் கை எட்டாது. காரணம் இவ்வளவு எளியது. பல ஆண்டுகள் அந்தச் செய்தி, உள் மாறிகளைக் குறைத்துப் பாருங்கள் என்பதோடு சரி; மாறிகளை எடுத்து, போட்டு, அடைப்புக்குறிகளுக்குள் பொதிந்து, ஒரு மாலை முழுக்கப் போராடுவோம். பின்னால் வந்த பதிப்புகளில் அதே செய்தி, கம்பைலரின் இன்ன தெரிவை இயக்கிப் பாருங்கள் என்று இன்னொரு வழியும் சொல்கிறது. 16 என்ற வரம்பு அப்படியேதான் இருக்கிறது. செய்தியில் சேர்ந்தது ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தால் மிச்சமான மாலைப்பொழுதுகளை யாராவது கூட்டிப் பார்க்கலாம்.

இனி, உங்கள் கூட்டாளியின் கட்சி வலுவாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன். அவர் சொலானா என்ற சங்கிலியைச் சுட்டிக்காட்டலாம். தொடக்க காலத்தில் அங்கே நிரல் எழுதுவதை அந்தச் சமூகத்தினரே 'கண்ணாடி மெல்வது' என்று கிண்டலடித்தார்கள். ரஸ்ட் தெரிய வேண்டும். ஒரு பரிவர்த்தனை தொடப்போகும் ஒவ்வொரு கணக்கையும் முன்கூட்டியே வரிசையாகக் கொடுக்க வேண்டும். ஒன்று விடுபட்டால் புரியாத எண் ஒன்று பிழையாக வரும். ஆங்கர் என்ற கட்டமைப்பு வந்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது. 2021 செப்டம்பர் 14 அன்று சங்கிலியே ஏறத்தாழ 17 மணி நேரம் படுத்துவிட்டது. இருந்தும் ஆட்கள் கலையவில்லை. கட்டணம் மிகக் குறைவு, பயனர் கூட்டம் அங்கே, பணப்புழக்கம் அங்கே. சந்தை இருக்கும் இடத்துக்குக் கல்லும் முள்ளும் மிதித்து வியாபாரி போகத்தான் செய்வார்.

ஆனால் இஓஎஸ் என்ற சங்கிலியையும் பாருங்கள். ஓராண்டு நீண்ட டோக்கன் (சங்கிலியில் புழங்கும் நாணயம்) விற்பனையில் ஏறத்தாழ 400 கோடி டாலர் திரட்டிக்கொண்டு 2018 ஜூனில் வந்தது. வேகம் இருந்தது, பயனருக்குக் கட்டணமே இல்லை என்ற வாக்குறுதியும் இருந்தது. நிரலாளருக்கு என்ன காத்திருந்தது? ஒப்பந்தத்தைச் சங்கிலியில் வைக்க 'ராம்' (RAM) என்ற நினைவக இடத்தை வாங்க வேண்டும். அந்த ராமையே ஊக வணிகர்கள் வாங்கிப் பதுக்கி விலையை ஏற்றினார்கள். கணினிச் செயல் நேரத்துக்கும் பிணையப் பயன்பாட்டுக்கும் தனியே டோக்கன்களைப் பூட்டிவைக்க வேண்டும். ஒரு புதிய பயனருக்குக் கணக்குத் திறக்கவே செலவு. மென்பொருள் எழுத வந்தவர் தானிய மண்டியில் போய் நின்ற கதை. அந்தப் பணமலையைக் கொண்டு நிரலாளர்களைக் கூட்டி வரலாம், அமர்த்திவைக்க முடியவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொள்வது: சந்தை ஈர்ப்பு பலமாக இருந்தால் மோசமான கருவிகளையும் மன்னிப்பார்கள். அந்த மன்னிப்பு ஒரு சங்கிலிக்குக் கிடைக்கலாம். உங்களுக்குக் கிடைக்காது. ஏனென்றால் நீங்கள் சங்கிலி அல்ல; சங்கிலிக்குக் குழாய் இழுத்துத் தருகிறவர். செயலியைப் பயன்படுத்தும் பொதுமக்களுக்கு உங்கள் பெயர் வாழ்நாளில் தெரியப்போவதில்லை. உங்கள் வாடிக்கையாளர் நிரலாளர் மட்டுமே.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நோடுகளோடு பேசுகிற ஜேசன்-ஆர்பிசி பொது மரபு. உங்களிடம் வரவும் ஒரு வரி மாற்றினால் போதும், உங்களை விட்டுப் போகவும் அதே ஒரு வரி. இரண்டு நிமிடத்தில் பதிவு, மூன்று நிமிடத்தில் முதல் அழைப்பு என்றெல்லாம் நீங்கள் ஆவணத்தில் எழுதியிருப்பதை மறுக்கவில்லை. அது இல்லாவிட்டால் வாசல்வரைகூட வரமாட்டார்கள். ஆனால் வந்தவரைத் தங்கவைப்பது நான்காம் மாதம், நள்ளிரவில், ஏதோ ஒன்று தப்பாகப் போகும்போது உங்கள் சேவை என்ன சொல்கிறது என்பதுதான்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் டோக்கன் வரவுகளைக் கண்காணித்து வணிகர்களுக்குத் தகவல் அனுப்பும் ஒரு சிறு மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். நோடு சேவையை ஒரு நிறுவனத்திடம் வாங்கியிருந்தோம்; பெயர் வேண்டாம். வேலை எளிது: கடைசி பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) எண் என்ன என்று கேட்பது, முன்பு பார்த்த எண்ணிலிருந்து அதுவரை உள்ள லாக்குகளை, அதாவது ஒப்பந்தங்கள் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவுகளை, கேட்பது, வந்ததைப் பதிவது. வாரத்துக்கு ஒன்றிரண்டு வரவுகள் காணாமல் போயின. பிழை எதுவும் பதிவாகவில்லை. எங்கள் நிரலைத் தலைகீழாகப் புரட்டினோம். தரவுத்தளத்தைச் சந்தேகித்தோம். ஒருவரை ஒருவர்கூடச் சந்தேகித்தோம்.

ஒன்பதாம் நாள் விடிந்தது. அந்த நிறுவனத்தின் ஒரே முகவரிக்குப் பின்னால் பல நோடுகள் இருந்தன. 'கடைசி பிளாக் எது?' என்ற கேள்வி ஒரு நோடுக்குப் போனது. அது முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. 'அந்த பிளாக்கில் உள்ள லாக்குகளைக் கொடு' என்ற அடுத்த கேள்வி இன்னொரு நோடுக்குப் போனது; அதற்கு அந்த பிளாக் இன்னும் வந்து சேரவில்லை. 'எனக்கு அது தெரியாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது காலிப் பட்டியலைத் திருப்பியது. காலிப் பட்டியல் என்றால் 'அந்த பிளாக்கில் ஒன்றும் நடக்கவில்லை' என்று பொருள். இல்லை என்பதற்கும் தெரியாது என்பதற்கும் உள்ள வேறுபாடு எங்களுக்கு ஒன்பது நாள்.

இந்தக் கோளாறு ஒன்றும் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. இதற்காகவே இஐபி-234 என்ற முன்மொழிவு இருக்கிறது: லாக் கேட்கும்போது பிளாக் எண்ணுக்குப் பதிலாக பிளாக்கின் ஹாஷை (அதற்கே உரிய அடையாளக் குறியை) கொடுக்கலாம், அந்த ஹாஷை அறியாத நோடு பிழை சொல்லும், காலிப் பட்டியல் தராது. நாங்கள் அப்படி மாற்றினோம், சரியாயிற்று. அந்த நிறுவனத்தின் ஆவணத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் நாங்கள் இன்றும் அங்கேயே இருந்திருப்போம். ஒன்பது நாளில் இழந்த பணத்தைவிட, அவர்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது என்று உதவிப் பிரிவின் பதிலில் தெரிந்ததுதான் எரிச்சலைக் கிளப்பியது. அடுத்த வாரம் முகவரியை மாற்றினோம். ஒரு வரி.

நேர்மாறான உதாரணமும் சொல்ல வேண்டும். லாக்குகள் கேட்கும் அழைப்புக்கு, பல சேவைகளில் 10,000 முடிவுகள் என்பது வரம்பு. மீறினால் பிழை வரும். சில சேவைகள் அந்தப் பிழையோடு, 'இந்த பிளாக்கிலிருந்து இந்த பிளாக் வரை கேட்டுப் பாருங்கள்' என்று இரண்டு எண்களையும் தருகின்றன. முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் நிரம்பிவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்தாமல், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றும் சொல்லிவிட்டுப் போகிற நடத்துநர்! நிரலே அந்த எண்களைப் படித்து மறுபடி கேட்டுக்கொள்ளலாம். மனிதர் எழுந்திருக்க வேண்டியதில்லை. இதைச் செய்ய உங்களுக்கு முதலீடு தேவையில்லை. ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும்.

வேகம் மட்டும் போதும் என்பவர்களிடம் 2020 நவம்பர் 11ஐ நினைவூட்டுவேன். அன்று பெரிய நோடு சேவைகளில் ஒன்றான இன்ஃப்யூரா தடுமாறியது. அவர்கள் கெத்தின் பழைய பதிப்பு ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் இருந்த ஓர் ஒப்புதல் பிழை புதிய பதிப்பில் சத்தமில்லாமல் திருத்தப்பட்டிருந்தது. யாரோ அனுப்பிய ஒரு பரிவர்த்தனை அந்தப் பிழையைத் தட்டிவிட, பழைய பதிப்பு நோடுகள் ஒரு கிளையிலும் மற்றவை வேறு கிளையிலும் போயின. மெட்டாமாஸ்க் இயல்பாக இன்ஃப்யூராவோடுதான் பேசும் என்பதால் பொதுமக்களின் வாலட்டுகளும் தடுமாறின. பைனான்ஸ் ஈதர் எடுப்பதையே சற்று நேரம் நிறுத்திவைத்தது. பரவலாக்கம் என்று மேடையில் முழங்கிக்கொண்டிருந்த ஒரு துறை, எல்லோரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டது. உங்களைப் போன்ற சிறியவர்களுக்கு இதில் ஒரு வாசல் இருக்கிறது. அதன் பிறகு விவரம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொள்கிறார்கள். முதல் சேவையாக உங்களை வைக்கத் தயங்குகிறவர் இரண்டாவதாக வைக்கத் தயங்க மாட்டார். உங்கள் ஆவணத்தில் 'எங்களை இரண்டாம் இணைப்பாக வைத்துக்கொள்வது எப்படி' என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதை எழுத எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் மனம் வராது.

விலைப்பட்டியல் பற்றி ஒரே வார்த்தை. கணக்கீட்டு அலகு, கிரெடிட் என்று ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் எடை போட்டு விற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உங்கள் பட்டியலும் அப்படித்தான் இருக்கிறது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்; மாதம் எவ்வளவு ஆகும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கே இப்படியென்றால் பில் வந்த அன்று உங்கள் வாடிக்கையாளர் என்ன சொல்வார்?

புதிதாகக் கற்க வருகிறவர் முதலில் முட்டிக்கொள்வது டெஸ்ட்நெட் என்ற சோதனைச் சங்கிலியில். பழகிப் பார்க்கச் சோதனை ஈதர் வேண்டும். அது மதிப்பில்லாதது, இலவசமாகத் தர வேண்டியது. ஆனால் 2023 தொடக்கத்தில் கோர்லி டெஸ்ட்நெட்டின் ஈதர் காசுக்கு விலைபோகத் தொடங்கிவிட்டது; அவ்வளவு தட்டுப்பாடு. இன்று செப்போலியா டெஸ்ட்நெட்டில், சோதனை ஈதர் தரும் பல இலவசக் குழாய்த் தளங்கள், உங்கள் வாலட்டில் கொஞ்சம் உண்மையான ஈதர் இருந்தால்தான் திறக்கும் என்கின்றன. ரோபோக்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, புரிகிறது. ஆனால் நம் ஊர்க் கல்லூரி மாணவி ஒருத்தி, விளையாட்டுக் காசு வாங்குவதற்காக எக்ஸ்சேஞ்சில் பான் அட்டையைக் கொடுத்து, கணக்குத் திறந்து, உண்மைக் காசு வாங்க வேண்டியிருக்கிறது. மின்னஞ்சலை மட்டும் பெற்றுக்கொண்டு ஒரு நாளைக்குக் கொஞ்சம் சோதனை ஈதர் கொடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அவள் வேலைக்குச் சேரும் இடத்தில், எந்தச் சேவையை வாங்கலாம் என்று பேச்சு வரும்போது உங்கள் பெயரைச் சொல்வாள்.

நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் வந்த பிறகு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆவணத்தை மனிதர் படிப்பதற்கு முன் இயந்திரம் படிக்கிறது. சாலிடிட்டியில் எழுதிக் குவிக்கப்பட்டது ஏராளம். அதை இயந்திரம் சரளமாக எழுதுகிறது. புதிய மொழியோடு வருகிற சங்கிலிக்கு அந்த வசதி இல்லை. முன்பு நிரலாளருக்கு மட்டும் கற்பிக்க வேண்டியிருந்தது, இப்போது அவருடைய உதவியாளருக்கும். பழைய குப்பையும் சேர்ந்தே வருகிறது. எத்தீரியத்தோடு பேச உதவும் ஈதர்ஸ் நூலகம் 2023இல் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆறாம் பதிப்புக்கு மாறியபோது பல செயல்கூறுகள் இடம் மாறின. பெரிய எண்களுக்கு வைத்திருந்த தனி வகையே போய்விட்டது. உதவியாளர்கள் இரண்டையும் கலந்து எழுதிவிட்டு நம்பிக்கையோடு நிற்கின்றன. எந்தப் பதிப்புக்கு எழுதியது என்பதை உங்கள் எடுத்துக்காட்டுகள் ஒவ்வொன்றின் தலையிலும் குறியுங்கள். நூலகம் ஒன்றை நீங்களே வெளியிடுவதாக இருந்தால் 2024 டிசம்பரை மறக்காதீர்கள்: சொலானாவின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் 1.95.6, 1.95.7 என்ற இரண்டு பதிப்புகள் வாலட்டின் ரகசியச் சாவியைத் திருடும் நிரலோடு சில மணி நேரம் உலவின. ஒரு கட்டளையில் நிறுவலாம் என்கிற வசதி திருடனுக்கும் சேர்த்துத்தான்.

நான்கு பேரில் யார் எதைச் செய்வது என்று கேட்டிருந்தால், இப்படிப் பிரிப்பேன். இரண்டு பேர் நோடுகளைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒருவர், வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு பிழைச்செய்தியையும் கையில் எடுத்து, அதைப் படிக்கிறவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறதா பார்க்கட்டும். தெரியாவிட்டால் திருத்தி எழுதட்டும். ஒவ்வொரு பதிலோடும் ஒரு கோரிக்கை எண்ணை அனுப்புங்கள். அதை வைத்துத் தேடினால் எந்த நோடு பதில் சொன்னது, அப்போது அது எந்த பிளாக்கில் இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான்காமவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். 'வண்ணம் பூசும் வேலை' என்று சொன்ன உங்கள் கூட்டாளியையே அங்கே உட்காரவைக்கலாம். ஒரு மாதம் போதும். அவரே வந்து பேசுவார்.

மாதம் ஒரு முறை, உங்கள் சேவையைக் கேள்விப்பட்டே இராத ஒரு நிரலாளரைக் கூப்பிட்டு, மடிக்கணினியைக் கொடுத்து, பின்னால் அமர்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினம். 'இல்லை, இடது பக்கம் இருக்கிறது பாருங்கள்' என்று நாக்கு துடிக்கும். அந்தத் துடிப்பு வந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படி யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒன்று. உங்கள் தொடக்கக் கையேட்டில் நகலெடுத்து ஒட்டச் சொல்லும் முதல் எடுத்துக்காட்டில் இருப்பது ரிங்க்பி டெஸ்ட்நெட்டின் முகவரி. ரிங்க்பியை மூடி ஆண்டுகள் ஆகின்றன. நான் ஒட்டிப் பார்த்தேன். 'உள் பிழை' என்று வந்தது. இன்று மாலைக்குள் அதை மாற்றிவிடுங்கள்.